வெள்ளிக் காசின் கறையும் காப்பும்
(பொழிவின் எழுத்து வடிவம்)

 

கரூரை அடுத்த அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பழஞ்சேரர் வெள்ளிக் காசுகளுள் ஒன்றில், அரசனின் தலையுருவோடு ‘மாக்கோதை’ என்னும் பெயர் பண்டைத் தமிழெழுத்தில் பொறிக்கப் பெற்றுள்ளது. அவ்வெழுத்து மிக மெல்லியதொரு மேடு. ஆற்று நீரும் மணலும் பன்னூறாண்டு அழிக்காது விட்ட அத்தகைய மேட்டை, ஒரு பிடி சாம்பலும் சிறிது புளியும் ஒரு நாழிகைக்குள் அழித்துவிடும். எனவே வெள்ளிக் காசில் படியும் கறையைப் பற்றிய பேச்சு வெறும் அழகைப் பற்றிய பேச்சன்று. எழுத்தைக் காக்கும் பேச்சாகும்.

கறை என்பது யாது? இரும்பு துருப்பதுபோல் வெள்ளியும் துருக்கின்றது எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை. இரும்பைத் துருக்கச் செய்வது காற்றிலுள்ள உயிரகமும் ஈரமும். வெள்ளியைக் கறுக்கச் செய்வதோ கந்தகம். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு என்னும் வளி காற்றில் மிகச் சிறிதளவே இருப்பினும், அது வெள்ளியொடு கூடி மெல்லியதோர் ஏடாகப் படியும். அவ்வேடு மிக மெல்லியதாய் இருக்குங்கால் பொன்மஞ்சளாய்த் தோன்றும். தடிக்கத் தடிக்கச் செம்மையும் நீலமும் காட்டி, இறுதியில் கறுக்கும். காற்றின் ஈரப்பதம் மிகுந்தால் இவ்வினை விரைவுறும். கம்பளித் துணி, இரப்பர்ப் பட்டை, முட்டை, சாக்கடைக் காற்று ஆகியவை கந்தகத்தின் ஊற்றுகள்.

புள்ளிகள் தோன்றுதற்குக் கரணியங்கள் வேறு. வியர்வையில் உப்பும் காடியும் உள. விரல் பட்ட இடத்தில் நாளடைவில் விரற்கோடே காசில் பதிந்துவிடும். காசின்மேல் குனிந்து பேசுவோர் வாயினின்று தெறிக்கும் துளியும் புள்ளியாகும். 1835 முதல் 1939 வரை அடிக்கப்பெற்ற வெள்ளி உருபாவில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கே வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. பி.வி.சி. என்னும் நெகிழியுறையில் அத்தகைய காசை இட்டு வைத்தால், நெகிழியினின்று கசியும் பொருள்கள் செம்பைத் தாக்கிப் பசும்பிசினை உண்டாக்கும்.

இக்காலத்து 99.9 விழுக்காட்டுத் தூவெள்ளிக் காசுகளில் பால் தெளித்தாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. காசடிக்கு முன் வில்லைகளைக் கழுவிய நீர்மத்தின் எச்சம் உலைச்சூட்டில் படிதலே அதற்குக் கரணியமெனப் பெரிதும் கருதப்படுகின்றது. கனடா நாட்டு அரசுக் காசாலை 2018-இல் தன் மேப்பிள் இலைக் காசுகளுக்கு இதனைக் குறைக்கும் புறப்பரப்புக் காப்பு முறையொன்றை மேற்கொண்டது. அப்புள்ளி வாங்கியவர் குற்றமன்று. தேய்த்துப் போக்க முயல்வதே குற்றமாகும்.

இனிக் காப்பு முறை. காசை விளிம்பில் மட்டும் பிடித்தல் வேண்டும். கீழே மென்துணி விரித்தல் வேண்டும். பாலியெசுட்டர், பாலிப்புரொப்பிலீன் போன்ற தீங்கற்ற உறைகளையே தேர்தல் வேண்டும். காடித்தன்மை நீக்கப்படாத தாளும் அட்டையும், ஆவி விடும் பச்சை மரப்பேழையும் ஆகா. மருந்துப் புட்டியுள் ஈரம் உறிஞ்ச இடுவது போன்ற சிலிக்காச் சிறுபொதியைப் பெட்டியில் வைத்து, அது ஈரம் நிறைந்தபின் மாற்றுதல் நலம். கந்தகத்தைக் கவரும் காப்புத் தாளும் கடைகளில் கிடைக்கும். அடுக்களை அருகிலும், சுவரீரம் படும் பேழையிலும் காசை வைத்தலாகாது.

முன்பே பிசின் படிந்திருப்பின் தூய அசிட்டோனில் நனைத்தெடுக்கலாம். அது விரைந்து தீப்பற்றுவதாகலின் விளக்கும் அடுப்பும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும். பின்னர்த் தேய்க்காது உலரவிடுக. திருநீறு, பற்பொடி, புளி, எலுமிச்சை ஆகிய எதனாலும் துலக்கற்க. கடையில் விற்கும் வெள்ளி துலக்கும் நீர்மமும் காசின் இயல்பொளியை உண்டுவிடும். தேய்த்துப் பளபளக்கும் காசுக்குக் காசியலார் குறைந்த விலையே மதிப்பர். சீராகப் படிந்த பழங்கறையோ கேடன்று. காசின் அகவையைக் காட்டும் சான்றது.

மண்ணினின்று எடுத்த காசாயின் கழுவவும் துணியற்க. அதன்மேல் படிந்த படிவத்தினுள்ளேயே எழுத்து நிற்றலும் உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, பத்து உருபா மதிப்பிற்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. பழம்பொருள்களைக் காக்கவென்றே சென்னை எழும்பூர் அரும்பொருட் காட்சியகத்தில் 1930-இல் வேதியல் ஆய்வகம் நிறுவப்பெற்றது. துலக்கும் வேலை அத்தகைய வல்லுநர்க்கே உரியது.

கறுத்த காசிலுள்ள எழுத்தை அறிஞர் ஒருநாள் படித்துவிடுவர். தேய்ந்த காசிலுள்ள எழுத்தை எவரும் படித்தல் இயலாது. வீட்டுப் பேழையில் பழங்காசு வைத்திருப்போர் இன்றே அதனைத் திறந்து, உறை எத்தகையதெனப் பார்ப்பாராக.