துண்டுச் சீட்டும் துரிதமும்



'எக்ஸ்பெடைட்' என்ற ஆங்கிலச் சொல் நமக்குப் புதிதல்ல. காணி உறுதியோ ஓய்வூதியமோ, எதற்காகக் கந்தோருக்குக் கடிதம் எழுதினாலும் கடைசி வரியில் அது வந்துவிடும். சீக்கிரம் முடித்துத் தாருங்கள் என்று அதைக்கொண்டு கேட்கிறோம்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன். 'பெஸ்' என்றால் கால், 'எக்ஸ்' என்றால் வெளியே. சிக்கிய காலை விடுவிப்பதே 'எக்ஸ்பெதீரே'. காலைப் பிணைப்பது 'இம்பெதீரே'. ரோமப் படை இழுத்துச் சென்ற மூட்டைமுடிச்சுகளுக்கு 'இம்பெதிமென்தா' என்றே பெயர். ஒருவரைத் தள்ளிவிட்டும் வேகப்படுத்தலாம், கட்டவிழ்த்தும் வேகப்படுத்தலாம். இந்தச் சொல் பிறந்தது கட்டவிழ்ப்பதில்.

மாத்தளையில் இருந்துகொண்டு இதைப் படிக்கையில் நம் முன்னோரின் கால்கள்தான் என் நினைவில் நிற்கின்றன. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைவரை ஏறத்தாழ 200 கிலோமீற்றர் காட்டுவழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. தோட்டத்து விளைச்சல் கொழும்புக்கு விரைந்து போனது.

விளைவித்தவர்களால் அப்படி நினைத்தபடி போக முடிந்ததா? வழிச்செலவு, அரிசி, முன்பணம் எல்லாம் ஆள் திரட்டிவந்த கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியிருந்தன. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் தோட்டத்தை நடத்தும் துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பதே அந்தச் சீட்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். ஆனால் கடன் தீராது, புதிய துரையின் பேரேட்டுக்கு மாறும், அவ்வளவுதான். விலங்கு பூட்டாமலே ஒரு குடும்பத்தின் காலைக் கட்டிவைக்க அந்தத் தாள் போதுமானதாக இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1914இல் தலைமன்னாருக்கும் ரயில் பாதை வந்துவிட்டது. ஆனால் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 ஆயிற்று.