மிளகும் மெலிவும்

தலைநகரில் மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால், கரோல் பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் தமிழர் இல்லங்களில் மிளகு இரசத்தின் மணம் கமழாத நாள் அரிது. சளிக்கும் மந்தத்திற்கும் மருந்தென நம் பாட்டிமார் போற்றிய அதே மிளகு இன்று வேறொரு வேடம் பூண்டு வருகிறது. உடற்பருமனைக் குறைக்கும் மாத்திரையாக அதன் சாரம் விற்கப்படுகிறது. நம் இல்லத்துப் பெண்மணிகளும் அதனை நம்பி வாங்குகின்றனர்.

அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளோர் தில்லியில் நூற்றுக்கு 41 பேர். தமிழ்நாட்டில் 40 பேர். ஊர் மாறினும் கவலை மாறவில்லை.

மிளகின் காரத்திற்குக் காரணமான பொருளுக்குப் பைப்பரீன் என்று பெயர். 1819ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் அதனைப் பிரித்தெடுத்தார். கொழுப்பணுக்கள் உருவாவதை அது தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எலிகளிடமும் சில நற்பயன்கள் காணப்பட்டன. இவற்றைக் கொண்டே, ‘எடை குறைய உதவக்கூடும்’ என்று மாத்திரைப் புட்டியில் அச்சிடுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தக் ‘கூடும்’ என்னும் சொல் உடனே கண்ணில் படுகிறது. வாங்குவோர் செவியிலோ அது ‘உதவும்’ என்றே விழுகிறது.

பெண்களிடமே நேராகச் சோதித்தபொழுது விளைந்தது யாது? அமெரிக்காவின் வட கரோலினாவில், மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த பெண்களுக்கு மிளகு சேர்த்த உணவும் சேர்க்காத உணவும் தனித்தனியே அளித்தனர். அவர்களை ஓர் அறையில் இருத்தி, ஒரு முழு நாளில் உடல் செலவிடும் சக்தியை அளந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே 2013இல் வெளிவந்த முடிவு. சோதனை சிறியதே, ஆயினும் ‘கூடும்’ என்பதை ‘உதவும்’ என்று படிக்க அது இடந்தரவில்லை.

அதனால் பைப்பரீன் உடலில் ஒன்றுமே செய்யாது என்று கருதிவிடலாகாது. நம் தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயற்ற ஆறு பேருக்குப் பைப்பரீன் கலந்த சூப்பை அளித்து, அரைமணி நேரம் கழித்து, வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் மாத்திரையைக் கொடுத்தனர். சூப்பில் பைப்பரீன் இல்லாதபொழுது சேர்ந்ததைவிட மிகுதியான மருந்து அவர்கள் இரத்தத்தில் சேர்ந்தது. குடலும் கல்லீரலும் மருந்துகளைத் தடுத்துச் சிதைக்கும் வேலையைப் பைப்பரீன் மட்டுப்படுத்துகிறது.

இங்கேதான் அபாயம் இருக்கிறது. நடுவயதுப் பெண்மணிகள் பலர் இரத்த அழுத்தத்திற்கோ, நீரிழிவிற்கோ, வேறு நோய்க்கோ நாள்தோறும் மருந்து உண்பவர்கள். மருத்துவர் அளந்து கொடுத்த அம்மருந்துகளிற் சிலவற்றின் வேகம், அவர் அறியாமலே இந்த மிளகுச் சாரத்தால் கூடிவிட இடமுண்டு. எனவே, அத்தகைய மாத்திரையை வாங்குமுன் மருத்துவரைக் கேட்பதும், வாங்கியிருந்தால் புட்டியை அவரிடம் காட்டுவதும் கடமையாகும். வலிப்பு நோய்க்கு மருந்துண்போர் தம் உணவில் மிளகு மிகுதியாக இடம்பெறுவதையும் அவரிடம் கூறிவிடுவது நலம்.

எடை குறைய, தட்டில் விழும் சோற்றின் அளவும், மாலையில் நடக்கும் தூரமுமே இன்றும் துணை. மிளகு நம் அடுக்களையிலேயே இருக்கட்டும். குளிருக்கு இதமாக இரசத்தில் மணக்கட்டும்.