தொண்டை வலியும் தீராத அசதியும்



"நர்சம்மா, காய்ச்சல் விட்டு இருபது நாளாச்சு. இன்னும் எழுந்து நடமாட மாட்டேங்கிறா. சோம்பலா, நடிப்பா?" என்று மாமியார்மார் கேட்பதுண்டு. பக்கத்தில் மருமகள் தலைகுனிந்து நிற்பாள். நம் பெண்களுக்கு அசதி என்றால் முதலில் இரத்தசோகையைப் பார்க்கவேண்டும். அதற்கு முன்னால் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்திருந்தால் சுரப்பிக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இது ஒரு வைரஸால் வருகிறது. 1964-இல் லண்டனில் எப்ஸ்டைன், அச்சோங், பார் என்ற மூவர் அந்த வைரஸைக் கண்டறிந்தார்கள். எச்சில் வழியாகப் பரவும். நம் நாட்டில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தொற்றி, சாதாரண சளிபோல வந்து போய்விடும். வாலிப வயதில் முதன்முறை தொற்றினால்தான் ஆளைப் படுத்தும். எச்சில் விழுங்க முடியாத வலி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், அடித்துப் போட்டாற்போல் அசதி. தொண்டை வலி இரண்டு வாரத்தில் அடங்கும். அசதி பல வாரம் இழுக்கும்.

"யாருகிட்டயிருந்து ஒட்டிக்கிட்டு வந்தே?" என்று வீட்டில் சண்டை வேண்டாம். தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே நோய் தெரியும். ஒருமுறை புகுந்த வைரஸ் ஆயுள் முழுதும் உடம்பில் தங்கி, நன்றாக இருப்பவர் எச்சிலிலும் அவ்வப்போது வரும். கணவன் மனைவி சந்தேகப்பட இதில் எதுவுமில்லை.

கடையில் நீங்களாக மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். இந்தக் காய்ச்சலில் அமாக்சிசிலின் சாப்பிட்டால் பலருக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு கிளம்பும். "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை செருகிவிடுவார்கள்! வைரஸுக்கு அந்த மாத்திரையும் கேட்காது, ஊசியும் கேட்காது. ஓய்வு, கஞ்சி, நிறையத் தண்ணீர், உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கொப்பளிப்பு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், இவை போதும். ஆனால் தொண்டையில் வெள்ளை படர்ந்திருந்தால் தொண்டை அடைப்பானாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. இந்த நோயில் இடது விலாவுக்குக் கீழே உள்ள மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் அடிபட்டால் கிழியும். பாரம் தூக்கினாலும் கிழியலாம். ஆகவே நோய் தொடங்கியதிலிருந்து ஒரு மாதம் தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, விறகுக்கட்டு எதையும் தூக்க விடாதீர்கள். ஆண்பிள்ளையானால் கபடியும் கூடாது. கோபத்தில் கை ஓங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: எப்போதுமே தவறான அந்தச் செயல், இப்போது உயிரையே எடுத்துவிடும்.

இடது பக்க வயிற்றில் திடீரென்று வலி எடுத்தாலோ, கண் இருட்டி மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.