வெள்ளச் சாவுகளுக்குப் பொறுப்பாளி யார்?

(பருவமழைக்கு முன்னதாக நடைபெற்ற கட்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



இன்னும் இரண்டு மாதத்தில் ஐப்பசி மழை தொடங்கிவிடும். மழையோடு கூடவே மந்திரிகளின் அறிக்கைகளும் வரும். "வரலாறு காணாத மழை" என்பார்கள், "இயற்கையின் சீற்றம்" என்பார்கள். இப்போது அவர்களுக்குப் புதிதாக ஒரு வார்த்தையும் கிடைத்திருக்கிறது: "பருவநிலை மாற்றம்". அந்த அறிக்கைகள் வருவதற்கு முன்பே நாம் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டை சுமப்பதோடும், நஷ்ட ஈடு கேட்டு மனுக் கொடுப்பதோடும் நமது வேலை முடிந்துவிடுகிறதா? செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்று கேட்பது யாருடைய வேலை?

1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் வெள்ளம் வந்து ரயில் பாலத்தை அரித்தது. சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இரவோடு இரவாக ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். நேரு அதை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மழையை வரவழைக்கவில்லை, அந்தப் பாலத்தை அவர் கட்டவுமில்லை. காங்கிரஸ் சர்க்காரோடு நமது கட்சிக்கு அன்று ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் இலாகாவைக் கையில் வைத்திருப்பவர் அந்த இலாகாவின் சாவுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அன்று ஒரு மந்திரி ஒப்புக்கொண்டார். இதை நாம் மறுக்க முடியாது.

இனி 2015க்கு வருவோம்.

டிசம்பர் 1ந் தேதி தொடங்கி ஒரு நாளைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேய் மழைதான், சந்தேகமில்லை. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரி திடீரென்று நிரம்பவில்லை. நவம்பர் மாதம் முழுவதும் பெய்த மழையிலேயே அது ஏறக்குறைய நிரம்பிக் கிடந்தது. அடுத்த பெருமழை வரப்போகிறது என்று வானிலை இலாகா முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் நவம்பர் கடைசி வாரத்தில், அடையாறு தாங்கக்கூடிய அளவில், கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீரை ஏன் திறந்துவிடவில்லை? டிசம்பர் 1 காலையில் விநாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் குறைவாக வெளியேறிய தண்ணீர் அன்றிரவுக்குள் 29,000 கன அடியாக ஏற்றப்பட்டது. ஜனங்கள் தூங்குகிற நேரம். சைதாப்பேட்டையிலும், ஜாபர்கான்பேட்டையிலும், கோட்டூர்புரத்திலும் கண் விழித்தவர்கள் கட்டிலுக்கு மேலே தண்ணீரைப் பார்த்தார்கள். மணப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மின்சாரம் நின்று 18 நோயாளிகள் இறந்துபோனார்கள்.

சர்க்கார் தரப்பு வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். அன்றைய தலைமைச் செயலாளர் ஞானதேசிகன் அந்த டிசம்பரிலேயே நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஆற்றில் ஓடிய தண்ணீரில் பெரும்பங்கு செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததல்ல, மற்ற ஏரிகளின் உபரி நீரும் வழியில் சேர்ந்த மழை நீருமே என்றார். ஏரியை முன்னதாகவே காலி செய்திருந்தால் கோடையில் சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்திருக்காது என்ற வாதமும் உண்டு. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அடையாற்றில் எத்தனையோ ஏரிகளின் கலங்கல் நீர் வந்து சேருகிறது. செம்பரம்பாக்கம் பாசனத்துக்கு என்று கட்டிய ஏரி, பிறகு பட்டணத்துக்குக் குடிநீர் கொடுக்கிற ஏரியாயிற்று. நிறைத்து வைக்கவும் வேண்டும், காலியாக வைக்கவும் வேண்டும் என்றால் ஷட்டரில் நிற்கிற ஊழியன் என்ன செய்வான்? அவன் மேலே கேட்பான். மேலே இருக்கிறவர் அதற்கும் மேலே கேட்பார். இந்த அனுமதிக்காகவே பொன்னான மணி நேரங்கள் வீணாயின என்பதுதான் அன்று எழுந்த குற்றச்சாட்டு. சர்க்கார் மறுத்தது. இதில் எது உண்மை என்பதை ஏரியின் பதிவேட்டையும் டெலிபோன் கணக்கையும் மேஜைமீது வைத்தால் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். எதிர்க்கட்சிகள் நீதி விசாரணை கேட்டன. கிடைக்கவில்லை. நிவாரணப் பொட்டலங்களில் முதல் மந்திரியின் படத்தை ஒட்டுவதற்கு மட்டும் ஆளுங்கட்சிக்காரர்களுக்கு நேரம் இருந்தது.

கடைசியில் வாய் திறந்தவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் 289 உயிர்கள் போயின, 23 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது, ஏரியிலிருந்து கண்மூடித்தனமாகத் தண்ணீர் திறக்கப்பட்டது, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதினார். அந்த அறிக்கை 2018 ஜூலையில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இடையில் ஒரு பொதுத் தேர்தலே நடந்து முடிந்துவிட்டது. அதன் பேரில் எந்த மந்திரியும் பதவி விலகவில்லை.

இப்போது பருவநிலை மாற்றத்தைப் பற்றி. பூமி சூடேறுகிறது என்பது உண்மை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் மழையாகத்தான் இறங்கும். நூற்றைம்பது வருஷமாகக் கரியையும் எண்ணெயையும் எரித்து லாபம் குவித்த ஏகாதிபத்திய நாடுகளுக்கே இதில் முதல் பொறுப்பு. 2015ல் சென்னை மூழ்கிக் கிடந்த அதே வாரத்தில் பாரிஸில் உலக நாடுகளின் மாநாடு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த டிசம்பர் மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இந்தக் குறிப்பிட்ட மழையில் புவி வெப்பத்தின் கை இருந்ததற்குத் தெளிவான அடையாளம் காணவில்லை என்று 2016ல் எழுதினார்கள். வருங்கால மழைகள் அப்படியிருக்குமென்று இதற்கு அர்த்தமில்லை. மழையின் போக்கே மாறுகிறது என்று தெரிந்த பிறகு, பழைய மழைக் கணக்கை வைத்துக்கொண்டு ஏரியை நிர்வகிப்பதும், பழைய அளவில் கால்வாய் வெட்டுவதும் முன்னைவிடப் பெரிய குற்றமாகின்றன. மந்திரிகளோ இதைத் தலைகீழாக்கிப் பருவநிலையைத் தங்களுக்கு மன்னிப்புச் சீட்டாகப் பாவிக்கிறார்கள். தெரியாமல் நேர்ந்தது என்று சாஸ்திரி காலத்தில் சொல்லியிருக்கலாம். இன்று சொல்ல முடியாது.

தண்ணீர் போகிற வழியை அடைத்தவர்கள் யார்? முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட மனைத் திட்டத்தின் பெயரே "ஏரித் திட்டம்". சர்க்காரே ஏரியில் மனை போட்டு, அதற்கு ஏரி என்றே பெயரும் வைத்தது! வேளச்சேரி ஏரியில் வீடு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பைமேடு, கம்பெனிக் கட்டடங்கள், சர்க்கார் ஸ்தாபனங்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டது; 2015ல் ஆறு தன் இடத்தைக் கேட்டு வந்தபோது விமான நிலையமே சில நாள் மூடிக்கிடந்தது. இவற்றுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கோப்புகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன.

ஆனால் தண்டிக்கப்பட்டது யார் தெரியுமா? ஆற்றங்கரைக் குடிசைவாசிகள்! வெள்ளம் வடிந்த கையோடு, கரையோரம் இருப்போருக்குப் பெரும்பாக்கம் முதலான இடங்களில் 10,000 வீடுகள் ஒதுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் குழந்தைகளோடு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வீட்டு வேலை செய்த பெண்களும், மூட்டை தூக்கியவர்களும், மீன் விற்றவர்களும் பிழைப்பு இருந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். காலை வேலைக்குப் போய்ச் சேர முடியாமல் வேலையை இழந்தவர்கள் ஏராளம். போன இடமாவது மேடா? பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தின் ஓரம். 2015ல் அங்கும் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே வெள்ளம். ஆற்றை அடைத்த பெரிய கட்டடங்களோ இருந்த இடத்தில் இருந்தன. குடிசைதான் ஆற்றை மறித்ததாம்! சட்டம் என்றால் கட்டடத்துக்கும் குடிசைக்கும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்த இடத்தில் சில தோழர்களுக்குச் சங்கடம் வரலாம். பரவாயில்லை, பேசிவிடுவோம். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கிராமங்கள் மூழ்கின. அன்று ஆட்சியில் இருந்தது 2021 தேர்தலில் நாம் ஆதரித்த அணி. 2015ல் "செம்பரம்பாக்கத்துக்குப் பதில் சொல்" என்று கேட்டவர்கள், ஐந்து முறை எச்சரித்துவிட்டோம், இது இயற்கை என்றார்கள். 2015ல் இயற்கை என்றவர்கள் இப்போது "சாத்தனூருக்குப் பதில் சொல்" என்று கேட்டார்கள். நாற்காலி மாறியதும் வசனம் இடம் மாறிக்கொண்டது. நாம் இரண்டு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்க முடியும். தேர்தல் உடன்பாடு என்பது நள்ளிரவில் கூரையேறி நின்ற கூலி விவசாயியிடம் வாய்மூடச் சொல்கிற உடன்பாடு அல்ல. எச்சரிக்கை மாவட்டக் காரியாலயத்துக்கு எத்தனை முறை போயிற்று என்பதைவிட, கரையோரக் குடிசைக்கு எத்தனை மணிக்குப் போயிற்று என்பதே நமக்கு முக்கியம்.

ஸ்பெயின் தேசத்தில் வலென்சியா என்றொரு மாகாணம். 2024 அக்டோபர் 29 காலையிலேயே வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. மாகாண சர்க்கார் ஜனங்களின் டெலிபோன்களுக்கு அபாய அறிவிப்பு அனுப்பியது இரவு 8 மணிக்குப் பிறகு. அதற்குள் வெள்ளம் தெருக்களில் பாய்ந்துவிட்டது. முதலாளிகள் வேலையை நிறுத்தவில்லை. தொழிற்சாலையிலிருந்தும் கடையிலிருந்தும் வீடு திரும்பியவர்கள் சாலையிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். 220 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த சர்க்கார் புதிதாக அமைந்த அவசரகாலப் பிரிவை வீண் செலவு என்று கலைத்திருந்தது. ஜனங்கள் விடவில்லை. மாதாமாதம் ஊர்வலம் போனார்கள். அன்று பிற்பகல் மாகாணத் தலைவர் மாசோன் எங்கே இருந்தார் என்று நிமிஷக் கணக்காகக் கேட்டார்கள். ஒரு நீதிபதி விசாரணையை நடத்தினார். 2025 நவம்பர் 3ல் மாசோன் தமது ராஜினாமாவை அறிவித்தார். ஓராண்டுக்கு மேல் பிடித்தது. செத்தவர்களின் குடும்பங்கள் ஒரு மாதம்கூட ஓய்ந்திருக்கவில்லை.

நம்முடைய வேலை மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் ஊர் ஏரிக்கும் ஆற்றுக்கும் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட வேண்டும். எந்த மட்டத்தில் மதகைத் திறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது? அந்த விதி கடைசியாக எந்த வருஷம் திருத்தப்பட்டது? திறக்கச் சொல்லும் அதிகாரம் எந்தப் பதவியில் இருப்பவருக்கு? லஸ்கர் வேலை எத்தனை இடத்தில் காலியாகக் கிடக்கிறது? திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு, எந்தத் தெருவில், யார் ஒலிபெருக்கியில் சொல்வார்? ஆவணியில் மனுப் போட்டால் 30 நாளில், புரட்டாசிக்குள் பதில் வந்தாக வேண்டும். வந்த பதிலைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள், பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் தேதி போட்டு ஏற்றச் சொல்லுங்கள். அடையாற்றங்கரைக் கிளைகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைத் தொடங்குகின்றன. மனு வாசகம் இங்கே மேஜைமீது இருக்கிறது. போகும்போது ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.