வெறும் வயிற்றோடு ஓட்டிய டேங்கர்

சினிமாவில் ஃபைட்டராகச் சேர்ந்து, பிறகு ஒரு மாஸ்டரிடம் உதவியாளனாகப் பல வருஷம் இருந்தவன் நான். இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஓர் ஆஸ்திரேலியப் படம். பெயர் 'மேட் மேக்ஸ் 2'. 1981 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவில் 'தி ரோட் வாரியர்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள்.

முதல் பாகம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ் ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரன். ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல் அவனுடைய நண்பனை எரிக்கிறது. மனைவி மேலும் குழந்தை மேலும் வண்டியை ஏற்றுகிறது. அந்தக் கும்பலில் ஒருவனைச் சட்டம் கையில் பிடித்தும் சாட்சி இல்லையென்று விட்டுவிட்டதை அவன் பார்த்திருக்கிறான். கறுப்பு ஃபோர்டு ஃபால்கன் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவனாகத் தேடிப் போய்த் தீர்க்கிறான். இரண்டாம் பாகத்தில் போலீஸே கிடையாது, அரசாங்கமும் கிடையாது. பெட்ரோலுக்காக ஆளை ஆள் கொல்லுகிற பாலைவனம். எண்ணெய்க் கிணற்றோடு ஒரு சின்னக் கூட்டம் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது, கொள்ளையர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். அந்தக் கூட்டம் தப்பிப் போக மேக்ஸ் ஒரு டேங்கர் லாரியை ஓட்டித்தர வேண்டும். கதை அவ்வளவுதான்.

இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒரு டாக்டர். சிட்னியில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், சாலை விபத்தில் அடிபட்டு வந்தவர்களை நேரில் பார்த்தவர். அவரும் தயாரிப்பாளர் பைரன் கென்னடியும் முதல் படத்துக்குப் பணம் சேர்த்த விதத்தைக் கேளுங்கள்: மில்லர் அவசர நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வைத்தியம் பார்ப்பார், கார் ஓட்டுவது கென்னடி. அப்படிச் சேர்த்ததையும் போட்டு, சுமார் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குள் அந்தப் படத்தை முடித்தார்கள். முதல் துரத்தல் காட்சியில் சிதறுகிற நீல வேன் மில்லருடைய சொந்த வண்டி! இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 40 லட்சம் டாலர் கிடைத்தது. பத்து மடங்குதான். ஆனால் அதே 1981இல் ஹாலிவுட் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துக்கு 2 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பு, உடை, இசை எல்லாவற்றையும் பற்றிப் பேச ஆசைதான். நேரம் போதாது. நான் மனதைப் பறிகொடுத்த இடத்துக்கு நேராகப் போகிறேன்.

கடைசித் துரத்தலில் அந்தப் பெரிய டேங்கர் சாலையை விட்டு இறங்கி, புரண்டு, மண்ணில் சரிகிறது. கம்ப்யூட்டர் வித்தை ஒன்றும் கிடையாது. நிஜ லாரி. உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்து நிஜமாகவே கவிழ்த்தார். அந்த ஓட்டுநரைப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடவிடாமல் வைத்திருந்தார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஏதாவது ஆகி உடனே ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது சாப்பிட்டது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கேமராவை எங்கே வைப்பது என்று எந்த இயக்குநரும் யோசிப்பார். கவிழ்க்கப் போகிற மனிதரின் வயிறு வரைக்கும் யோசித்திருக்கிறார்கள், பாருங்கள், அங்கேதான் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எங்கள் மாஸ்டரும் அப்படித்தான். காலையில் புரொடக்‌ஷன் வண்டியில் பொங்கலும் வடையும் வந்து இறங்கும். உயரத்திலிருந்து குதிக்க வேண்டிய பையன் தட்டை எடுத்தால் போதும், "டேய், நீ இன்னிக்கு டீயோட நிறுத்திக்கோ" என்று குரல் வரும். குதித்து எழுந்த பிறகு தன் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பரிமாறச் சொல்லுவார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குதிப்பவனைத் தாங்குவது காலி அட்டைப்பெட்டிகள். அடுக்கடுக்காக வைத்து, மேலே மெத்தை போட்டு, சுற்றிக் கயிறு கட்டுவோம். ஆள் விழுந்ததும் பெட்டிகள் ஒவ்வொரு அடுக்காக நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மார்கழிக் காலையில் மாஸ்டர் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். ராத்திரிப் பனியில் பெட்டிகள் நமுத்திருந்தன. மொத்தத்தையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். மார்க்கெட்டுக்கு ஆள் ஓடி வேறு பெட்டி வாங்கி வரும்வரை ஷூட்டிங் நின்றது, மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பையன் குதித்தான், எழுந்தான், பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போனான். படத்தில் அந்த ஷாட் கண் இமைக்கிற நேரம்தான் வரும்.

அத்தனை கவனத்துக்குப் பிறகும் அடி படும், நேயர்களே. மேட் மேக்ஸ் 2இல் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் உடைந்து கிடக்கிற காரில் மோதி, காற்றில் சக்கரம் போலச் சுழன்று கேமராவை நோக்கி வருவான். அது அப்படித் திட்டமிட்டது அல்ல. காரைத் தாண்டிப் பறந்து அந்தப் பக்கம் விழ வேண்டியவர் கை நாரிஸ் என்ற இளம் ஸ்டண்ட் கலைஞர். கால் காரில் இடித்துவிட்டது. கால் முறிந்தது. அந்த ஷாட் படத்தில் இருக்கிறது, பார்க்கும்போது நமக்கே கால் கூசும். அந்தக் கை நாரிஸ்தான் இதே மேட் மேக்ஸ் வரிசையில் 2015இல் வந்த 'ஃபியூரி ரோட்' படத்தின் சண்டை, சாகசக் காட்சிகளுக்கெல்லாம் பொறுப்பேற்றவர். அவருக்குக் கீழே வேலை செய்த பையன்களுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பேன். விழுந்து கால் முறித்துக்கொண்டவர் கட்டிய கயிறு அல்லவா!

ஓர் இனிமையான விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். மேக்ஸோடு வருகிற நாய், ஆதரவற்ற நாய்களை வைத்திருக்கும் காப்பகத்திலிருந்து வந்தது. என்ஜின் சத்தத்துக்கு அது பயந்ததால் காதில் வைக்கத் தனியாக அடைப்பான் செய்து கொடுத்தார்கள். லாரிக்காரரின் வயிறு, நாயின் காது, இரண்டையும் கவனித்த யூனிட்.

பைரன் கென்னடி 1983இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். ஒளிப்பதிவு செய்த டீன் செம்லர் பிற்பாடு 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். படம் எடுத்த ப்ரோக்கன் ஹில் பக்கத்தில், சில்வர்டன் என்கிற சின்ன ஊரில், இந்தப் படத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகிற வாய்ப்பு இருப்பவர்கள் போய்ப் பாருங்கள்.

நேரம் முடிகிறது. படம் கிடைத்தால் அந்தக் கடைசித் துரத்தலை மட்டுமாவது பெரிய திரையில் பாருங்கள். லாரி புரளும்போது உள்ளே ஒருவர் பன்னிரண்டு மணி நேரமாகப் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் ஃபைட்டர் குதிக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஆம்புலன்ஸும், அதற்குள் ஒரு டாக்டரும் இருக்கிற நாள் சீக்கிரம் வர வேண்டும். எங்கள் பையன்களின் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்கும் என் வணக்கம்.