ஊருக்கு எழுதும் கடிதம்

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



அயல்நாட்டுக்குப் போய்த் தொண்டு செய்கிறவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிணறு வெட்டியதையும் பள்ளிக்கூடம் கட்டியதையும் ஆண்டறிக்கைகள் சொல்லும். நான் பேச வந்தது சின்ன விஷயம். வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து அவர்கள் வீட்டுக்கு எழுதுகிற கடிதம்.

1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடி ‘பீஸ் கோர்’ என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். இதுவரை 2,40,000 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சி, பிறகு இரண்டு வருஷ வேலை. கையில் கிடைப்பது அந்த ஊர்க்காரர்களைப் போல வாழ்வதற்கான படி மட்டும்தான். பல நாடுகளில் முதலில் ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கிறார்கள். அவங்க சாப்பிடறதைச் சாப்பிடணும். அவங்க பாஷையைத் திக்கித் திக்கிப் பேசணும். கொடுக்க வந்தவர் முதல் சில மாதம் வாங்கிக்கொள்கிறவர்தான்.

அந்த முதல் வருஷமே ஒரு சோதனை வந்தது. நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. இபடான் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம்பெண், அங்கு கண்ட வறுமையையும் அழுக்கையும், தெருவிலேயே சமைப்பதையும் ஓர் அஞ்சலட்டையில் தன் நண்பருக்கு எழுதினார். தபாலில் சேருமுன் அட்டை கீழே விழுந்துவிட்டது. ஒரு மாணவர் கையில் கிடைத்தது. நகல்கள் பரவின. மாணவர்கள் கூட்டம் போட்டு, தொண்டர்களைத் திருப்பி அனுப்பு என்றார்கள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு நாடு திரும்பினார். மற்றவர்கள் தங்கி வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களே படித்துவிட்டார்கள். அதுதான் வினை.

இன்னொருவர் நம் நாட்டுக்கே வந்தவர். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார், லில்லியன் கார்ட்டர் அம்மையார். நர்ஸாக இருந்தவர். 1966-ல், 68 வயதில், பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து 1968 வரை பணி செய்தார். வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977-ல் புத்தகமாகவே வந்தன. ஒளித்து வைக்க வேண்டிய கடிதங்களாக இருந்தால் அச்சில் வந்திருக்குமா?

அப்படியானால் கஷ்டத்தை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமா எழுதணும். தண்ணி வராத ஊரில் தண்ணி வரலைன்னுதான் எழுதணும். ஆனால் அந்த ஊர்க்காரர் முன்னாலேயே படித்துக் காட்டுகிற மாதிரி எழுதணும்.

தம்பி தங்கையரே, இதற்கு நீங்கள் கடல் தாண்ட வேண்டாம். என்.எஸ்.எஸ். முகாம் என்று ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்குகிறீர்கள். இப்போது அஞ்சலட்டை இல்லை, கையில் போன். ஒரு பாட்டியின் குடிசையைப் படம் பிடித்து, ‘எப்படித்தான் இருக்காங்களோ!’ என்று ஒரு வரி போட்டால் போதும், பொழுது விடிவதற்குள் அவர் பேரனின் போனுக்கே அது வந்து சேரும்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பாட்டியிடமே காட்டுங்க. சிரிச்சாங்கன்னா அனுப்புங்க, முகம் சுளிச்சாங்கன்னா அழிச்சிடுங்க. அடுத்த வருஷம் வருகிற தம்பிக்கும் அந்த வாசலில் ஒரு சொம்புத் தண்ணி கிடைக்கணும், இல்லீங்களா?