பாசிமணியும் கைத்திறனும்



சிங்கப்பூருக்குச் சென்று வரும் நம்மவர், சிராங்கூன் சாலையையும் தேக்காவையும் காணாமல் திரும்புவதில்லை. அங்குள்ள கடைகளில் கண்ணாடி வளையல்களும் பாசிமணிச் சரங்களும் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "வெறும் கண்ணாடிதானே!" என்று கூறி நகர்வோரும் உண்டு. அந்த வெறும் கண்ணாடியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

அச்சாலைக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984 ஆம் ஆண்டு தொல்லியல் அகழ்வு தொடங்கியது. 14 ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் கண்ணாடி மணிகளும் துண்டுகளும் கிடைத்தன. அவற்றுள் பல சீனத்துக் கண்ணாடி என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே எல்லாம் நம்முடையதே என்று மார்தட்ட வேண்டுவதில்லை. ஆயினும், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கடல்வழியில் பரவிய சிறுமணிகளின் கதை வேறு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அவை செய்யப்பட்டன. நம் பேராக் கடலோரத்துக் கோலா செலின்சிங்கிலும், கெடாவின் சுங்கை மாசிலும் அத்தகைய மணி செய்த தடயங்கள் உள்ளன. மலாய்க்காரர் மணியை 'மானிக்' என்பர். ஒலியே உறவைக் காட்டுகிறதன்றோ?

அம்மணி செய்யும் முறை வியப்புக்குரியது. உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் பெருந்திரளாகத் திரட்டிக் கூம்பாக உருட்டுவர். குழாயினூடே கம்பியைச் செலுத்தி அதன் நடுவே துளையிடுவர். பின்னர் அத்திரள் உலையில் குழைந்திருக்க, எதிர்ப்புறம் நிற்பவர் அதன் முனையைக் கொக்கியால் பற்றி இழுப்பார். துளையும் உடன் நீள, மெல்லிய கண்ணாடிக் குழல் இடையறாது வந்துகொண்டே இருக்கும். விரைந்து இழுத்தால் மெலியும், தாமதித்தால் தடிக்கும். பால்மரம் சீவுவோர் கைக்குப் பட்டையின் ஆழம் தெரிவது போல, அக்கைக்கு வேகம் தெரியும். குழலை மணிமணியாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து சூடேற்றிக் கிளறுவர். கூர்முனை மழுங்கும், சாம்பல் துளை மூடாது காக்கும். ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இத்தொழில் 20 ஆம் நூற்றாண்டிலும் நடைபெற்றது.

கண்ணாடி வளையலுக்குப் பேர்போன வடநாட்டு ஃபிரோசாபாத்தில் முறை வேறு. கண்ணாடி இழையைச் சுழலும் உருளையில் சுருளாகச் சுற்றி, அறுத்து, ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் தீயில் இணைப்பர்.

நூல் அறுந்ததும் குப்பையில் கொட்டப்படும் பழஞ்சரங்கள் நம் வீடுகளில் பல. பாட்டியார் விட்டுச்சென்ற சரம் ஒன்று இருப்பின், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணியினுள் தெரியும் குமிழிகளும் கோடுகளும் துளையின் போக்கில் நீண்டிருந்தால் அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால் கம்பியில் சுற்றிச் செய்த மணி. சரத்தை அவிழ்க்காமலே இதைக் காணலாம்.